உள்ளங்கையில் ஒரு மரம்

ஈப்போ நகரின் ஓரத்தில் உள்ள ஒரு வீடமைப்புப் பகுதி. மாலையில் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி கூடத்தில் அமர்ந்து ஆங்கிலப் பாடப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தாள். பயிற்சி நூலில் இருந்த ஒரு வாக்கியம் அவளைத் தடுத்து நிறுத்தியது. மூதாட்டி ஒருத்தி வெயிலுக்குக் கண் கூசாமல் இருக்கப் புருவத்தின் மேல் 'பாம்' வைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற 'பாம்' ஒன்றைப் பார்த்தாள் என்பது அதன் கருத்து. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு முறை வந்திருந்தது.

அகராதியைப் புரட்டினாள். முதல் பொருள் உள்ளங்கை. அடுத்த பொருள் பனை, தென்னை, செம்பனை ஆகிய மரங்களுக்கெல்லாம் பொதுவான பெயர். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பொருளோ கையில் ஒன்று, காட்டில் ஒன்று!

அருகில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்த பாட்டியிடம் அவள் அதைச் சொன்னாள்.

"பாட்டி, இங்கிலீஷ்ல உள்ளங்கைக்கும் செம்பனை மரத்துக்கும் ஒரே பேரு!"

பாட்டி கீரைக்காம்பைக் கீழே வைத்தார். "அப்படியா? நல்ல வேடிக்கைதான். அந்த மரம் வந்த பிறகுதானேம்மா இந்தக் கைக்கு வேலை இல்லாம போச்சு" என்றார்.

பாட்டி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பேத்தியின் பார்வை அவருடைய கையை விட்டு நகரவில்லை. சுட்டுவிரலின் அடியில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. பால்மரம் சீவும் வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் கத்தி பிடித்த இடம் இன்னும் மாறவில்லை. கைக்கும் மரத்திற்கும் ஒரே பெயர் வந்தது தற்செயலா, அல்லது இரண்டுக்கும் ஏதேனும் உறவு உண்டா என்று அறிந்துகொள்ள அவள் விரும்பினாள். மறுநாள் பள்ளி வள மையத்தில் சொற்பிறப்பு அகராதியைத் தேடி எடுத்தாள்.

அந்தச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருந்தது. 'பால்மா' என்பது அதன் பழைய வடிவம். உரோமானியர் முதலில் அச்சொல்லால் உள்ளங்கையைத்தான் குறித்தார்கள். பிறகு மரத்திற்கு அப்பெயர் சென்றது. மத்தியதரைக்கடல் ஓரங்களில் இயற்கையாக வளரும் குட்டைப் பனை ஒன்று உண்டு. அதன் இலை, விரித்த கையைப் போலவே இருக்கும். காம்பு மணிக்கட்டு, இலையின் நடுப்பகுதி உள்ளங்கை, பிளவுபட்ட நுனிகள் விரல்கள். இவ்வகை இலையைக் கண்ட கண்ணுக்குத் தன் உடலே நினைவுக்கு வந்திருக்கிறது. கை மரத்திற்குப் பெயர் கொடுத்தது.

இச்சொல் ஆங்கிலத்திற்கு ஒரே நாளில் ஒரே வழியாக வந்து சேரவில்லை. மரத்தைக் குறிக்கும் பொருள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சமய நூல்களில் வழங்கிய இலத்தீன் மொழி வழியாக வந்தது. கையைக் குறிக்கும் பொருள் ஏறக்குறைய கி.பி. 1300-இல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்த 'எல்' எழுத்தை விட்டுவிட்டு 'பௌம்' என்பது போல் ஒலித்தார்கள். பின்னாளில் ஆங்கிலம் கற்றோர், இலத்தீன் மூலத்தை நினைவுகூர்ந்து அந்த எழுத்தை மீண்டும் எழுத்துக்கூட்டலில் சேர்த்தனர். இன்றும் அந்த 'எல்' பெரும்பாலோரின் நாவில் ஒலிப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த இருவர், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே வீட்டில் குடியேறியதைப் போன்றது இச்சொல்லின் கதை.

குடியேறிய சொல் சும்மா இருக்கவில்லை, கிளைவிட்டது. உரோமானியர் வெற்றி பெற்ற வீரருக்கு இம்மரத்தின் ஓலையை அளித்துச் சிறப்பித்தனர். அதனால் இச்சொல்லுக்கு வெற்றி என்ற பொருளும் வந்தது. தமிழர் வெற்றியைச் சொல்லும்போது 'வாகை சூடினான்' என்பர். வாகையும் ஒரு மரமே. மரம் வேறானாலும் வெற்றிக்கு மரத்தை நாடும் எண்ணம் ஒன்றுதான்.

ஒரு பொருளைக் கைக்குள் மறைத்துவைப்பதையும் ஆங்கிலம் இச்சொல்லாலேயே சொல்கிறது. அதிலிருந்து, பயனற்ற பொருளை ஏமாற்றிப் பிறரிடம் தள்ளிவிடுவதற்கும் ஒரு தொடர் பிறந்தது. நாமோ அதனைத் 'தலையில் கட்டிவிட்டான்' என்கிறோம். ஆங்கிலேயரின் உள்ளங்கையில் நடக்கும் ஏமாற்று வேலை நம் மொழியில் தலைமேல் நடக்கிறது! நேர்மையற்ற வழியில் காரியம் முடிக்கப் பணம் கொடுப்பதை மட்டும் இரு மொழியினரும் கையோடு சேர்த்தே பேசுகின்றனர். நாம் 'கையூட்டு' என்கிறோம். அவர்கள் உள்ளங்கைக்கு எண்ணெய் தடவுவதாகச் சொல்கிறார்கள்.

எண்ணெய் என்றதும் அந்த மாணவிக்கு வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. அங்கே அடுப்பருகில் எப்போதும் இருப்பது பாமாயில். அந்தப் பெயரையும் பிரித்துப் பார்த்தாள். முதற்பகுதி இலத்தீனின் உள்ளங்கை. 'ஆயில்' என்ற சொல்லோ, கிரேக்க மொழியில் ஒலிவ மரத்தைக் குறித்த சொல்லிலிருந்து, இலத்தீன் வழியாக வந்தது. ஐரோப்பியருக்கு அக்காலத்தில் எண்ணெய் என்றாலே ஒலிவ எண்ணெய்தான். தமிழிலும் எள்ளின் நெய்தான் எண்ணெய் என்றாகி, பிறகு எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயரானது. ஆகவே நாள்தோறும் அப்பளம் பொரிக்கும் அந்த எண்ணெயின் பெயருக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஓர் உள்ளங்கையும் ஓர் ஒலிவ மரமும் இருக்கின்றன.

அன்று மாலை அவள் தான் கண்டறிந்ததையெல்லாம் பாட்டியிடம் ஒப்பித்தாள். பாட்டி கொல்லைப்புறத்தில் வெட்டி எடுத்த வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?" என்று ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டினார்.

அகராதி மீண்டும் திறந்தது. வாழைப்பழச் சீப்பை ஆங்கிலத்தில் 'கை' என்றும், அதில் உள்ள ஒவ்வொரு பழத்தையும் 'விரல்' என்றும் சொல்வார்களாம். தமிழருக்கு அது தலைவாரும் சீப்பாகத் தெரிந்தது. மலாய் மொழியில் 'சிக்காட்' என்பதும் சீப்புதான். பேரீச்சம் பழத்தின் ஆங்கிலப் பெயரும் விரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. பேரீச்சையும் பனைக் குடும்பத்து மரம் ஆதலால், கை என்று பெயர் பெற்ற மரத்தில் விரல்கள் காய்த்தது போலாயிற்று!

உள்ளங்கைக்கே மூன்று மொழிகளும் மூன்று விதமாகப் பெயரிட்டிருக்கின்றன. தமிழ் அதனைக் கையின் உட்புறமாகப் பார்த்து 'உள்ளங்கை' என்றது. 'அகங்கை', 'அங்கை' என்னும் பழஞ்சொற்களும் அதே பார்வையில் எழுந்தவையே. மலாய் மொழி அதனைத் 'தாப்பாக் தாங்ஙான்' என்கிறது. பாதத்தின் அடிக்கும், ஒரு கட்டடம் எழும்பும் மனைக்கும் வழங்கும் 'தாப்பாக்' என்ற சொல்லே அங்கும் வருகிறது. ஆக, மலாய்க்காரருக்கு உள்ளங்கை கையின் தளம். தமிழருக்குக் கையின் உள்வீடு. இலத்தீன் பேசியவருக்கோ அது ஒரு மரத்தின் இலையிலும் தெரிந்தது. ஒரே கையைப் பார்த்த கண்கள்தாம் இத்தனை விதமாகக் கண்டிருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி வாழ்ந்த பழைய தோட்டத்தின் கோயிலில் திருவிழா. தோட்டத்து மக்கள் பலரும் பட்டணங்களுக்குச் சென்றுவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அம்மனைக் காண அங்கே கூடுவது வழக்கம். பேத்தியும் உடன் சென்றாள். கார் ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் செல்லும் சாலையில் ஓடியது. இருமருங்கிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் தெரிந்தன. அவற்றைக் கடந்ததும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக வந்தன.

பேரா மாநிலத்தின் இப்பகுதிக்கு மரங்களோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஈப்போ என்பதே ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப்பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். அதே சாலையில் இன்னும் வடக்கே சென்றால் கோலகங்சார் வரும். 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குப் பல்லாயிரம் ரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22, மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன. அவற்றிலிருந்து 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் கருதப்படும் முதிய மரம் அவ்வூரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்தச் சில கன்றுகளைத் தொடர்ந்து வந்த காடளவு மரங்களைச் சீவத்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர்.

ரப்பர் என்ற பெயரிலும் கையின் வேலை ஒளிந்திருக்கிறது. 1770-ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, இப்பொருள் தாளில் உள்ள கரிக்கோல் எழுத்தைத் தேய்த்து அழிப்பதைக் குறித்து எழுதினார். தேய்ப்பது என்னும் பொருள் தரும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. தோட்டத்துத் தமிழர் அந்தக் கதையை அறியமாட்டார்கள். அவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள், 'பால்மரம்' என்றார்கள்.

கோயிலுக்குச் செல்லும் செம்மண் பாதையில் இறங்கி நடந்தபோது பாட்டியின் பேச்சு பழைய நாள்களுக்குத் திரும்பியது.

"விடியக்காலையிலே பெரட்டுக்குப் போகணும். தலையில விளக்கு. ஒரு நிரை முடிச்சு அடுத்த நிரை. நானூறு, ஐந்நூறு மரம் வெட்டணும்."

"ஏன் பாட்டி இருட்டிலேயே போகணும்? வெளிச்சம் வந்த பிறகு போகக்கூடாதா?"

"வெயில் ஏறினா பால் இறங்காதும்மா."

குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஒழுகும். வெப்பம் கூடக்கூட ஒழுக்கு குறைந்துவிடும். பாட்டி இதனை எந்த நூலிலும் படித்ததில்லை. மங்கில் விழும் பாலின் அளவே அவருக்குப் பாடம் சொன்னது.

சீவுவதிலும் நுட்பம் இருந்தது. முதல் நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உருவி எடுக்க வேண்டும். பிறகு சரிவான அந்த வெட்டின் மேல் கத்தியை ஓட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். அந்த இடம் முண்டு முண்டாகி, பின்னர் அங்கே சீவ முடியாமல் போகும். இருட்டில், நின்ற நிலையில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தவறக்கூடாது. அளவுகோல் ஏதும் இல்லை. உள்ளங்கைதான் அளவுகோல்.

"கத்தி கட்டையைத் தொட்டா கைக்குத் தெரியும்" என்றார் பாட்டி.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஓர் அறிவு கைக்கு உண்டு என்பது அந்தச் சொல்லில் தெரிந்தது. நம் முன்னோர் அதனை அறிந்தே 'கைப்பக்குவம்' என்றும், 'கைவந்த கலை' என்றும் சொல்லிவைத்தனர். கற்ற கலை தலையில் தங்கியிருக்கும். பழகிய கலை கைக்கு வந்து சேரும்.

வெட்டு முடிந்து பால் இறங்கிய பின், ஒவ்வொரு மங்கிலும் உள்ள பாலை வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பு வைத்து, இருபுறமும் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து செல்ல வேண்டும். வழியில் மழை வந்துவிட்டால் மங்குகளில் நீர் கலந்து அன்றைய உழைப்பு வீணாகும். பாட்டி இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலவே சொன்னார்.

கோயிலை நெருங்கியபோது செம்பனை மரங்கள் இருபுறமும் சூழ்ந்துகொண்டன. பேத்தி நின்று நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட மட்டைகள் வில்லாக வளைந்து தொங்கின. நடு நரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவள் தன் கையை விரித்து உயர்த்தி, மட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"பாட்டி, இந்த இலை கை மாதிரியே இல்லையே!"

அவள் கண்டது சரிதான். பனைக் குடும்பத்தில் இலைகள் இரு வகைப்படும். பனைமரத்தின் ஓலை விசிறி போன்றது. அது விரித்த கையை ஒத்திருக்கும். தென்னை, செம்பனை ஆகியவற்றின் மட்டை பறவையின் இறகு போன்றது. கை வடிவ இலையைக் கண்டு வைத்த பெயர், பின்னர் குடும்பம் முழுவதற்கும் பொதுவானபோது கையில்லாத மரங்களுக்கும் வந்து சேர்ந்தது. பாட்டன் முகத்தைக் கண்டு வைத்த பட்டப்பெயர், அந்தச் சாயலே இல்லாத பேரனுக்கும் வந்து ஒட்டிக்கொள்வதைப் போன்றதுதான் இது.

கோயிலின் பின்புறம், ஓடைக்கரையில், எவரும் வெட்டாமல் விட்ட ஒரே ஒரு பால்மரம் நின்றது. அதன் அடியில் பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளோடு சில விதைகள் சிதறிக் கிடந்தன. பாட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பேத்தியிடம் கொடுத்தார். அவளோ கீழே விழுந்திருந்த ஓர் இலையை எடுத்தாள். ஒரே காம்பின் நுனியிலிருந்து மூன்று சிற்றிலைகள் விரிந்திருந்தன. அறிவியல் நூலில் அவள் படித்திருக்கிறாள். காம்பின் ஒரே புள்ளியிலிருந்து சிற்றிலைகள் விரல்களைப் போல் விரிந்தால் அதற்கு 'அங்கை வடிவக் கூட்டிலை' என்று பெயர்.

அப்படியானால் கை போன்ற இலை பால்மரத்திற்கே இருக்கிறது! கையின் பெயரோ செம்பனைக்குப் போய்விட்டது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்கு ஆசியாவின் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றுக்கும் அவையே மூதாதையர். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக 1917-ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்தின் தென்னமரம் தோட்டத்தில் அது பயிரிடப்பட்டது. தென்னமரத்தின் பெயர் தாங்கிய தோட்டத்திலேயே அதன் உறவு மரம் முதலில் வேரூன்றியது. செயற்கை ரப்பரின் வரவால் இயற்கை ரப்பரின் விலை சரிந்தது. 1960-களிலிருந்து பால்மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நடும் போக்கு விரைந்து பரவியது.

மரம் மாறியபோது வேலையும் மாறியது. பால்மரத்திற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மனிதர் வந்து நிற்க வேண்டும். செம்பனைக் குலையை அறுக்க மாதத்திற்கு இரண்டு, மூன்று முறை வந்தால் போதும். நீண்ட கம்பில் அரிவாள் கட்டி, உயரத்தில் உள்ள கனத்த குலைகளை அறுத்துத் தள்ளும் வேலைக்குப் பெரும்பாலும் ஆண்களே தேவைப்பட்டனர். மெல்லிய பட்டையில் அளவு தவறாமல் கத்தி ஓட்டிய பெண்களின் கைகளுக்கு அங்கே பழைய மதிப்பு இல்லை. பலர் உதிரிப்பழம் பொறுக்கினர். பலர் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். லயங்கள் காலியாயின. பாட்டி அன்று சொன்னதன் பொருள் பேத்திக்கு இப்போதுதான் உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கியது.

இங்கே ஆங்கிலத்தின் இன்னொரு வழக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மொழியில் தொழிலாளியை 'கை' என்று சொல்வதுண்டு. பண்ணையில் இத்தனை கைகள், கப்பலில் இத்தனை கைகள் என்று கணக்கிடுவார்கள். முழு மனிதனையும் அவனது ஓர் உறுப்பால் மட்டும் குறிக்கும் வழக்கு அது. 1854-ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் 'ஹார்ட் டைம்ஸ்' என்னும் புதினத்தில், ஆலை முதலாளிகள் தொழிலாளர்களைக் கைகள் என்று அழைப்பதைச் சுட்டிக் கண்டித்தார். கை என்று மட்டும் எண்ணினால், வேலை முடிந்ததும் அந்தக் கை வேண்டாததாகிவிடும். அதற்குரிய வயிறும், வீடும், பிள்ளைகளும் கணக்கில் வருவதில்லை.

தமிழிலும் 'தலைக்கு இவ்வளவு' என்று பங்கு பிரிக்கும் வழக்கு உண்டு. ஆனால் மனிதரை எண்ணும்போது நாம் இயல்பாகச் சொல்வது 'பத்துப் பேர்', 'நூறு பேர்' என்பதே. பேர் என்பது பெயர் என்னும் சொல்லின் திரிபு. எத்தனை கை, எத்தனை தலை என்று கேளாமல், எத்தனை பெயர் என்று கேட்கிறது நம் மொழி. பேச்சு வழக்கில் நாள்தோறும் சொல்லும் இச்சொல்லில் இவ்வளவு பெரிய மரியாதை இருப்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

'கை' என்ற சொல்லைத் தமிழர் வேறு பல இடங்களில் பயன்படுத்தினர். துன்பத்தில் உதவுவது கைகொடுத்தல். உதவாமல் போவது கைவிடுதல். பெற்ற உதவிக்குத் திருப்பிச் செய்வது கைம்மாறு. இவற்றில் எல்லாம் கை என்பது ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு சேர்க்கும் பாலமாக இருக்கிறது.

தோட்ட வரலாற்றிலும் அப்படி ஒரு கைகொடுத்தல் நிகழ்ந்தது. 1950-களின் இறுதியில் வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை வந்தது. அப்போது, இதே சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டில் பிறந்தவரும், நாட்டின் அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன், 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத்து மக்கள் தங்கள் சிறு சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. பிறருடைய மரத்தைச் சீவிய கைகள் தமக்கென்று ஒரு பங்கைப் பற்றிக்கொண்டன. ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

பூசை முடிந்து பொங்கலும் சுண்டலும் வழங்கினார்கள். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. ஒரு கிணற்றின் விளிம்பும், ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரையும் மட்டும் புல்லுக்கிடையே எஞ்சியிருக்கின்றன. பாட்டி அந்தத் தரையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேத்தி தன் குறிப்பேட்டைத் திறந்தாள். அதில் ஏற்கெனவே எழுதியிருந்த சொல்லின் கீழே உள்ளங்கை, மரம், வெற்றி, அளவு, ஏமாற்று என்று பொருள்கள் வரிசையாக இருந்தன.

"பாட்டி, நீங்க வேலை செஞ்ச காலத்துல இங்க எத்தனை பேரு இருந்தாங்க?"

பாட்டி உடனே எண்ணிக்கையைச் சொல்லவில்லை. முதல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். அந்த வீட்டில் இருந்த அக்காவின் பெயரைச் சொன்னார். அடுத்த வீட்டுத் தம்பதியின் பெயர்களைச் சொன்னார். பாட்டுப் பாடிக்கொண்டே மரம் வெட்டியவர், பிரசவம் பார்த்தவர், திருவிழாவில் கரகம் எடுத்தவர், தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்து லயம் முழுவதும் கொடுத்தவர் என்று ஒவ்வொருவராக வந்தனர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஐந்தாவது பெயரில் அந்தக் கை மூடிக்கொண்டது. காய்த்துப் போன இடமும் உள்ளே மறைந்தது.

"எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கையை விரித்தார்.

பேத்தி எழுதுகோலை எடுத்தாள். புதிய பக்கத்தின் மேலே அந்த ஆங்கிலச் சொல்லை எழுதவில்லை. 'எத்தனை பேர்' என்று தலைப்பிட்டு, ஒன்று என்று இலக்கமிட்டு, முதல் பெயரை எழுதத் தொடங்கினாள்.